போர்டில் ஒரு பெயர், பதிவேட்டில் ஒரு பெயர்

மனநல ஆலோசகர் என்பவர் யார், அவருக்கு லைசென்ஸ் உண்டா, அவரிடம் சொன்னது வெளியே போகுமா என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த இதழுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டேன். வழக்கம்போல் எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போடுகிறேன். பலர் என்னை ‘டாக்டர் அம்மா’ என்று விளித்திருக்கிறீர்கள். அன்புக்கு நன்றி. ஆனால் நான் மருத்துவர் இல்லை. மதுரையில் தொழில் செய்யும் கிளினிகல் சைக்காலஜிஸ்ட், அதாவது மனநலத் தொந்தரவுகளைச் சோதித்துப் பேச்சு வழிச் சிகிச்சை தரும் உளவியலாளர். மருந்துச் சீட்டு எழுத எனக்கு உரிமை கிடையாது. கீழே வரும் குழப்பத்தில் பாதி இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திண்டுக்கல் வாசகி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். சில மாதங்களாகச் சரியான தூக்கமில்லை, சாப்பாடு இல்லை. மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்தார். உறவினர் சொன்னார் என்று ஒரு கவுன்சலிங் சென்டருக்கும் போனோம். ‘சைக்காலஜிஸ்ட் அண்ட் லைஃப் கோச்’ என்று போர்டு. விரல் ரேகையை ஸ்கேன் பண்ணி ஸ்பைரல் பைண்டிங்கில் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். ‘மாத்திரையே வேண்டாம், பன்னிரண்டு சிட்டிங் வந்தால் போதும்’ என்கிறார். சுவர் நிறைய சான்றிதழ்கள். நம்பலாமா? இவர்களுக்கு அரசு லைசென்ஸ் இருக்கிறதா?

சட்டத்துக்கு முன்னால் மாத்திரை. அதை நிறுத்தாதீர்கள், அம்மா. நிறுத்தியிருந்தால் எழுதிக்கொடுத்த மருத்துவரை இன்றைக்கே பாருங்கள். இந்த வகை மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் பழைய தொந்தரவு திரும்புவதோடு புதுத் தொந்தரவும் சேர வாய்ப்புண்டு. மகள் சாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு சேவை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை.

இப்போது அந்தப் போர்டு. நம் நாட்டில் ‘கவுன்சலர்’ என்று போர்டு மாட்டிக்கொள்வதைத் தடுக்கும் சட்டம் வெகுகாலம் இருந்ததில்லை. சட்டம் காவல் போட்டிருப்பது வேறு சில பெயர்களுக்கு. இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம், 1992 என்று ஒன்று உண்டு. எங்கள் வட்டாரத்தில் ஆர்.சி.ஐ. என்போம். அது ‘மறுவாழ்வுத் தொழில்முறையாளர்’ என்று ஒரு பட்டியல் தருகிறது. கிளினிகல் சைக்காலஜிஸ்ட், மறுவாழ்வு உளவியலாளர், மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வு ஆலோசகர், பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பு ஆசிரியர் எல்லாரும் அதில் வருவார்கள். இவர்கள் மத்தியப் பதிவேட்டில் பெயர் பதிந்து எண் வாங்கிய பிறகுதான் தொழில் செய்யலாம். பதியாமல் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்! நகரத்தில் ஒரு சிட்டிங்குக்கே அதற்குமேல் வாங்குகிறார்கள். இந்தத் தொகையை இத்தனை வருடம் யாரும் திருத்தாதது எனக்குத் தீராத வருத்தம்.

அந்தப் பட்டியலில் குடும்பத் தகராறு, தேர்வு பயம், காதல் தோல்வி என்று வருபவர்களிடம் பேசும் பொதுவான ஆலோசகர் இல்லை. ஆகவே உங்கள் திண்டுக்கல்காரர் ‘நான் கிளினிகல் சைக்காலஜிஸ்ட்’ என்று சொன்னால் பதிவு எண் காட்டியே ஆக வேண்டும். வெறும் ‘சைக்காலஜிஸ்ட்’ என்றோ ‘லைஃப் கோச்’ என்றோ போட்டால் அந்தச் சட்டத்தில் சிக்க மாட்டார். போர்டு எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

அப்புறம் வந்தது மனநலப் பாதுகாப்புச் சட்டம், 2017. மே 2018 முதல் அமலில் இருக்கிறது. யார் மனநலத் தொழில்முறையாளர் என்பதை அது வரையறுக்கிறது. மனநல மருத்துவர் ஒருவர். அடுத்து, மாநில மனநல ஆணையத்தில் பதிந்த கிளினிகல் சைக்காலஜிஸ்ட், மனநலச் செவிலியர், மனநல சமூகப் பணியாளர். ஆயுர்வேதம், ஹோமியோபதி, யுனானியில் உரிய மேற்படிப்பு முடித்தவர்களும், நம் சித்தாவில் ‘சிறப்பு மருத்துவம்’ மேற்படிப்பு முடித்தவர்களும் உண்டு. கவுன்சலர் இதிலும் இல்லை. இதே சட்டத்தின் 106-ஆம் பிரிவு, தன் துறைக்கு உட்படாத மருந்தையோ சிகிச்சையையோ எந்த மனநலத் தொழில்முறையாளரும் பரிந்துரைக்கக் கூடாது என்கிறது. பதிவு பெற்ற என்னாலேயே உங்கள் மகளின் மாத்திரையில் கை வைக்க முடியாது. பதிவே இல்லாதவர் ‘வேண்டாம்’ என்று சொல்ல எங்கிருந்து உரிமை வந்தது?

மூன்றாவது, 2021-ல் வந்த தேசிய இணை மற்றும் சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டம். இதன் அட்டவணையில்தான் முதல்முறையாக, ஆர்.சி.ஐ.யின் கீழ் வராத உளவியலாளர்கள், நடத்தைநல ஆலோசகர்கள், எச்.ஐ.வி. ஆலோசகர்கள், குடும்பக் கட்டுப்பாட்டு ஆலோசகர்கள், மருத்துவ சமூகப் பணியாளர்கள் எல்லாரும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டார்கள். நோயறிதலுக்கும் சிகிச்சைக்கும் துணைநிற்கும் இணைத் தொழில் என்றால் குறைந்தது 2000 மணி நேரப் படிப்பு, சுகாதாரத் தொழில் என்றால் குறைந்தது 3600 மணி நேரம் என்று அளவும் வைத்தார்கள். மாநிலத்துக்கு மாநிலம் கவுன்சில் அமைத்து, பதிவேடு தொடங்கி, பெயர் ஏற்றும் வேலை மெதுவாகத்தான் போகிறது. அது முடியும் வரை இடைவெளியில் யாரும் புகுந்துகொள்ளலாம் என்ற நிலை. எனக்குக் கோபம் வருவது இதில்தான்.

சுவரில் மாட்டிய சான்றிதழ்களைப் பற்றிக் கேட்டீர்கள். அடுத்த முறை போனால் கிட்டப் போய்ப் படியுங்கள். இப்படி ஓர் இடத்திலிருந்து என்னிடம் வந்த ஒரு தாய் அந்தச் சுவரையே செல்போனில் படமெடுத்து வந்திருந்தார். பெரிதாக்கிப் பார்த்தோம். சிங்க முத்திரையோடு ‘இந்திய அரசு’ என்று இருந்தது உத்யம் பதிவு. சிறுதொழில் நடத்தும் எவரும், தையல் கடைக்காரர் உட்பட, வாங்கும் காகிதம் அது. பக்கத்தில் ஐ.எஸ்.ஓ. சான்று. அதற்கும் படிப்புக்கும் சம்பந்தமில்லை. மூன்றாவது ஏதோ அறக்கட்டளைப் பதிவு. கடைசியில் மூன்று மாத ஆன்லைன் டிப்ளமா. நான்குமே போலி அல்ல, அசல்தான். ஆனால் ஒரு பெண் குழந்தையின் மன அழுத்தத்தைக் கையாளத் தெரியும் என்பதற்கு நான்கில் எதுவும் சாட்சி இல்லை.

விரல் ரேகைப் புத்தகத்துக்கு அறிவியல் அடிப்படை கிடையாது என்று இந்திய மனநல மருத்துவர்கள் சங்கமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. ரேகையை வைத்து மூளையையும் படிப்பையும் மனதையும் சொல்ல முடியாது. அதை ஓரமாக வைத்துவிடுங்கள்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. ஆர்.சி.ஐ. எண் இல்லாத நல்ல ஆலோசகர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப் பணி முதுகலை படித்தவர்கள், கவுன்சலிங் சைக்காலஜியில் முறையாக எம்.எஸ்ஸி. முடித்தவர்கள். அவர்கள் செய்வது சட்டவிரோதம் இல்லை. அவர்களை எப்படி அடையாளம் காண்பது என்றால், தயங்காமல் கேளுங்கள்: எங்கே படித்தீர்கள், வகுப்பில் உட்கார்ந்து படித்தீர்களா, யார் மேற்பார்வையில் பயிற்சி எடுத்தீர்கள், உங்களால் முடியாத கேஸ் வந்தால் எந்த மருத்துவரிடம் அனுப்புவீர்கள்? நல்லவர் பொறுமையாகப் பதில் சொல்வார். கடைசிக் கேள்விக்கு ஒரு மருத்துவர் பெயரும் சொல்வார். ‘எல்லாத்தையும் நானே சரி பண்ணிடுவேன்’ என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

கட்டிய பணத்துக்குப் பில் வாங்கினீர்களா? இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள், ஜிபே ரசீதாவது வைத்துக்கொள்ளுங்கள். சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணமும் இல்லை. மகளுக்குப் பேச்சு வழிச் சிகிச்சையும் வேண்டும் என்றால் மாத்திரை கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள். அரசுத் தலைமை மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் இலவசமாகவும் கிடைக்கும்.

கோவில்பட்டி வாசகர்: பி.காம். முடித்து வேலையில் இருக்கிறேன். நண்பர்கள் எல்லாரும் என்னிடம்தான் மனம் விட்டுப் பேசுவார்கள். தபால் வழியில் எம்.எஸ்ஸி. சைக்காலஜி படித்துக் கவுன்சலர் ஆகலாம் என்று இருக்கிறேன். சரியா?

ஆசை நல்ல ஆசை. வழி அடைபட்டுவிட்டது, தம்பி. உளவியல் உட்பட 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. 2025-ல் சொல்லிவிட்டது. அந்த ஆண்டு ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்தே தடை. இன்னமும் ‘அட்மிஷன் ஓபன்’ என்று யாராவது போன் செய்தால் பணம் கட்டிவிடாதீர்கள்.

இந்தத் தடையை நான் ஆதரிக்கிறேன். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்களுக்கு இது அநியாயமாகத் தெரியும். ஆனால் இந்தத் தொழிலைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. எதிரே ஒருவர் அழுகிறார், நீங்கள் ஏதோ சொல்கிறீர்கள், அவர் இன்னும் ஒடுங்கிப் போகிறார். நீங்கள் சொன்னதில் எந்த வார்த்தை அவரை ஒடுக்கியது என்று அன்று மாலையே உட்கார்ந்து காட்டித் தர மூத்தவர் ஒருவர் வேண்டும். 2017 சட்டத்தின் வரையறையிலேயே கிளினிகல் சைக்காலஜிஸ்ட்டுக்கு முதுகலைக்கு மேல் இரண்டு வருட முழுநேரப் படிப்பு, அதில் மேற்பார்வையோடு கூடிய மருத்துவமனைப் பயிற்சி என்று போட்டிருப்பது இதனால்தான்.

நேரில் போய்ப் படிக்க முடியும் என்றால், பி.காம். முடித்தவர்களையும் சில கல்லூரிகள் எம்.எஸ்ஸி.யில் எடுக்கின்றன. கிளினிகல் பக்கம் போக நினைத்தால், நான் சொன்ன அந்த இரண்டு வருடப் படிப்பான எம்.ஃபில். பட்டமே நாட்டில் நிறுத்தப்பட்டு வருவதைக் கவனியுங்கள். கிளினிகல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் யு.ஜி.சி. 2025-26 வரை நீட்டிப்புக் கொடுத்தது. ஆகவே சேர்வதற்கு முன் அந்தக் கல்லூரி, அந்தப் படிப்பு, அந்த ஆண்டு மூன்றுக்கும் ஆர்.சி.ஐ. அங்கீகாரம் இருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். கல்லூரிக்காரர் வாய்ச்சொல் போதாது. பட்டம் வாங்கிய பிறகும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், அதற்கு இடையில் பயிற்சி வகுப்புகளுக்குப் போய்ப் புள்ளி சேர்க்க வேண்டும்.

வேலை கிடைக்குமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சிக்குப் போன மாணவி ஒருவர் இறந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டு நெறிகள் தந்தது. நூறு மாணவர்களோ அதற்கு மேலோ இருக்கும் கல்வி நிறுவனம் எதுவானாலும், கோச்சிங் சென்டர் உட்பட, குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ இருக்க வேண்டும் என்றது. ஆள் தேவை கூடப்போகிறது.

தஞ்சாவூர் மாவட்டம், ஒரு பள்ளியின் கவுன்சலர்: எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வீட்டில் நெருங்கிய உறவினர் ஒருவர் தன்னிடம் தவறாக நடப்பதாக என்னிடம் சொன்னாள். ‘யாரிடமும் சொல்லாதீங்க மிஸ்’ என்று அழுதாள். தலைமையாசிரியர் ‘குடும்ப விஷயம், பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசி முடித்துவிடலாம்’ என்கிறார். ரகசியம் காப்பது என் தொழில் தர்மம் இல்லையா?

உங்கள் கடிதம் வந்த அன்றே மின்னஞ்சலில் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

இதில் ரகசியம் கிடையாது. போக்சோ சட்டம், 2012-இன் 19-ஆம் பிரிவு, குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்த எவரும், நடக்கக்கூடும் என்று அஞ்சும் எவரும், காவல் துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தகவல் சொல்ல வேண்டும் என்கிறது. ஆலோசகருக்கு விலக்கு இல்லை, மருத்துவருக்கும் இல்லை. சொல்லாமல் விட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் யாரும் வழக்குப் போட முடியாது என்று அதே 19-ஆம் பிரிவு பாதுகாப்பும் தருகிறது. தலைமையாசிரியரின் அனுமதி உங்களுக்குத் தேவையில்லை. அவரிடம் எழுத்தில் தெரிவித்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தால் குழந்தை நலக் குழு வரை வழிகாட்டுவார்கள்.

பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசி முடிப்பது என்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அன்று இரவு அந்த உறவினருக்குச் செய்தி போகும். மறுநாள் குழந்தை ‘நான் பொய் சொன்னேன் மிஸ்’ என்பாள். அப்புறம் அவள் வாயைத் திறக்கவே மாட்டாள்.

அந்தக் குழந்தையிடம் பொய்ச் சத்தியம் செய்யாதீர்கள். ‘நீ சொன்னது சரி. உன் மேல் தப்பே இல்லை. உன்னைக் காப்பாற்றக்கூடிய சிலரிடம் மட்டும் நான் சொல்லியாக வேண்டும், யாரிடம் சொல்கிறேன் என்று முதலில் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்’ என்று சொல்லுங்கள். திரும்பத் திரும்ப விவரம் கேட்டுக் குடையாதீர்கள். விசாரணை உங்கள் வேலை இல்லை. அவள் சொன்ன வார்த்தைகளை அவள் சொன்னபடியே, தேதி நேரம் போட்டு எழுதி வையுங்கள். இனி எந்த மாணவரோடும் முதல் சந்திப்பிலேயே, ‘நீ சொல்வது நமக்குள் இருக்கும், உனக்கோ வேறு யாருக்கோ ஆபத்து என்றால் மட்டும் நான் சொல்லியாக வேண்டும்’ என்று தெரிவித்துவிடுங்கள்.

திருப்பூர் வாசகர்: விவாகரத்து வழக்கு நடக்கிறது. குடும்ப நீதிமன்றத்தில் ஆலோசகரிடம் அனுப்பினார்கள். அவரிடம் நான் சொன்னது வழக்கில் எனக்கு எதிராக வருமா?

சமரசத்துக்கு முயல்வது குடும்ப நீதிமன்றத்தின் கடமை என்று 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு சொல்கிறது. ஆலோசகரிடம் அனுப்புவது அதற்காக. கணவன் மனைவி தகராறு பற்றிச் சமரசப் பேச்சில் சொன்னதைச் சாட்சியமாகத் தூக்கிப் போடுவது முறையல்ல. ஆனால் குழந்தை யாரிடம் இருப்பது என்ற கேள்வி வந்துவிட்டால் கணக்கு வேறு. ஆலோசகர் குழந்தையிடம் பேசி நீதிமன்றத்துக்குத் தரும் அறிக்கைக்கு அந்த ரகசியப் பாதுகாப்புப் பொருந்தாது, குழந்தையின் நலனே முக்கியம் என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் பெர்ரி கன்சாக்ரா வழக்கில் தீர்ப்பளித்தது.

வெளியே தனியாக ஓர் ஆலோசகரைப் பார்க்கிறீர்கள் என்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். வக்கீலிடம் சொன்னதைச் சாட்சியச் சட்டம் பாதுகாக்கிறது. ஆலோசகரிடம் சொன்னதற்கு அந்த மாதிரிப் பாதுகாப்பு இல்லை. நாங்களாக வெளியிடக் கூடாது, அது எங்கள் கடமை. நீதிமன்றம் சம்மன் அனுப்பி நோட்டைக் கேட்டால் கொடுத்தாக வேண்டும். அதற்காக மனதில் இருப்பதை ஆலோசகரிடம் சொல்லாமல் விழுங்கிவிடாதீர்கள். வழக்கு நடப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். எதை எழுதுவது, எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியும்.

விருதுநகர் வாசகி: மகனின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு ஐ.க்யூ. ரிப்போர்ட் கேட்கிறார்கள். எங்கள் பகுதி கவுன்சலிங் சென்டரில் எடுத்தால் போதுமா?

போதாது. ஆர்.சி.ஐ. பதிவு எண்ணும் கையெழுத்தும் உள்ள கிளினிகல் சைக்காலஜிஸ்ட்டிடம் எடுங்கள். எண் இல்லாத அறிக்கை மருத்துவக் குழுவில் நிற்காது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே எடுத்துவிட்டால் உங்களுக்கு அலைச்சலும் செலவும் மிச்சம்.

கிள்ளான், மலேசியா வாசகி: நான் இங்கே பதிவு பெற்ற கவுன்சலர். திருமணமாகித் திருச்சிக்கு வரப்போகிறேன். அங்கே தொழில் செய்ய என் பதிவு செல்லுமா?

உங்கள் நாட்டை நினைத்து எனக்குக் கொஞ்சம் ஏக்கம்தான். மலேசியாவில் 1998-லேயே கவுன்சலர்களுக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. வாரியத்தில் பதிவு தனி, தொழில் நடத்துவதற்கான சான்று தனி, இரண்டும் இருந்தால்தான் அறையைத் திறக்க முடியும். கவுன்சலிங் என்றால் என்ன என்பதற்கே சட்டத்தில் வரையறை உண்டு. உளவியல் கோட்பாடுகளின் அடிப்படையில், பதிவு பெற்றவரால், ஒழுக்க நெறிக்கு உட்பட்டு நடப்பது என்றும், வருபவர் தாமாக விரும்பி அடையும் மாற்றம் என்றும் அது சொல்கிறது. பெற்றோர் இழுத்து வந்து உட்காரவைத்த பிள்ளைகளை வாரம்தோறும் பார்க்கிற எனக்கு அந்த ‘தாமாக விரும்பி’ மிகவும் பிடிக்கும். அமெரிக்காவிலும் இது ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1976-ல் வர்ஜீனியா முதலில் லைசென்ஸ் சட்டம் போட்டது, கடைசி மாநிலமான கலிஃபோர்னியா 2009-ல்தான் போட்டது. நாமும் போய்ச் சேருவோம் என்று நம்புகிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். மலேசியப் பதிவு இங்கே தானாகச் செல்லாது. ‘கிளினிகல் சைக்காலஜிஸ்ட்’ என்று நீங்கள் போட்டுக்கொள்ள முடியாது. அதற்கு இங்கே ஆர்.சி.ஐ. அங்கீகரித்த தகுதி வேண்டும். ஆலோசகராக ஒரு பள்ளியிலோ மருத்துவமனையிலோ தொண்டு நிறுவனத்திலோ சேரத் தடையில்லை. 2021 சட்டத்தின் கீழ் மாநிலப் பதிவு திறக்கும்போது வெளிநாட்டுத் தகுதிக்கு இணைத்தன்மை கேட்பார்கள். அதற்கு மதிப்பெண் பட்டியலோடு, மேற்பார்வையில் எத்தனை மணி நேரம் பயிற்சி எடுத்தீர்கள் என்று பல்கலைக்கழகம் முத்திரை போட்டுக் கொடுக்கும் கடிதமும் வேண்டியிருக்கும். திருச்சிக்கு வந்தபிறகு அதைத் தபாலில் வரவழைப்பது பெரிய பாடு. கல்யாண வேலைகளுக்கு நடுவே ஒரு நாள் ஒதுக்கி, அங்கே இருக்கும்போதே நேரில் போய் வாங்கிவிடுங்கள். தொழில் சான்றையும் புதுப்பித்துவிட்டே வாருங்கள். இங்கே போர்டு போடும்போது எந்த நாட்டில் பெற்ற பதிவு, எது வரை செல்லும் என்று இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.